உபுண்டு 24.04-க்கு ஏற்றியதிலிருந்து கடைக் கம்ப்யூட்டரில் பெட்டி பெட்டியாக எச்சரிக்கை, எப்படி நிறுத்துவது?

கிரீன்லைன் தம்பி:

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் அக்கா ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ் என்பது போர்டில் மட்டும்தான். ஆதார் பிரிண்ட், பான் கார்டு, சேவா சிந்து என்ற கர்நாடக அரசுத் தளத்தில் விண்ணப்பம், ஸ்கூல் அட்மிஷன் என்று நாள் முழுக்க பிரவுசரில்தான் பிழைப்பு ஓடுகிறது. கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் 2019-இல் நான் எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. டிஸ்க்கைப் பூட்டி, அதாவது என்கிரிப்ட் செய்து, உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸின் 18.04 பதிப்பைப் போட்டேன். அப்புறம் 20.04, 22.04 என்று மேலே மேலே ஏற்றிக்கொண்டு வந்தேனே தவிர ஒரு தடவையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதில்லை. போன ஞாயிறு ராத்திரி 24.04-க்கு ஏற்றினேன். ஒரு மணி ஆகிவிட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

திங்கட்கிழமை காலை மெட்ரோவில் வைட்ஃபீல்டு போவதற்குள் அக்காவிடமிருந்து ஆறு ஃபோன். ஒரு பெட்டி வருகிறது, மூடினால் இன்னொன்று, மூடினால் இன்னொன்று. அவள் படித்துக் காட்டியதை அப்படியே தருகிறேன்.

முதலில் "சிஸ்டம் புரோகிராம் பிராப்ளம் டிடெக்டெட்", ரிப்போர்ட் பண்ணவா என்று கேட்கிறது. கேன்சல் அமுக்கினால் போகிறது, ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் திரும்ப வருகிறது. அப்புறம் பூட் என்ற இடத்தில் 31 எம்பிதான் மிச்சம் என்று ஒன்று. பிரவுசரைத் திறந்தால் கீரிங், அதாவது பாஸ்வேர்டுகளைச் சேர்த்துவைக்கும் பெட்டகம், திறக்கவில்லை, பாஸ்வேர்டு போடு என்று ஒன்று. பிரிண்டர் சம்பந்தமாக ஒன்று, சிஸ்டம் டிரே இல்லை, அதனால் தொடங்க முடியவில்லை, வெளியேறுகிறேன் என்று. வெளியேறுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை நடுத்திரையில் வைத்துவிட்டுப் போகிறது. கடைசியாக, ஃபயர்பாக்ஸுக்கு அப்டேட் காத்திருக்கிறது, 13 நாள் மிச்சம் என்று ஒன்று. இதைப் பார்த்துதான் அக்கா ரொம்பப் பயந்துபோனாள். "பதிமூணு நாள்ல கம்ப்யூட்டர் நின்னுடுமாடா?" என்று கேட்டாள்.

இதில் இன்னொரு சங்கடம். வாடிக்கையாளர் தன் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்கட்டும் என்று கவுண்ட்டர் பக்கம் திருப்பி இரண்டாவது மானிட்டர் வைத்திருக்கிறோம். பெட்டியெல்லாம் அதில்தான் குதிக்கிறது. ஒரு பெரியவர் பார்த்துவிட்டு "ஏனு மேடம், வைரஸ் பந்திதெயா?" என்று, வைரஸ் வந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, கொடுத்த பென்டிரைவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

நான் சனிக்கிழமைதான் கடைக்குப் போக முடியும். அதுவரை நான் ஃபோனில் சொல்லச் சொல்ல அக்காதான் தட்டுவாள். அதனால் கமாண்ட் எதையும் வாயால் சொல்கிற மாதிரி, உச்சரிப்போடு எழுதினால் பெரிய உதவி. மொத்தமாக எல்லாப் பெட்டியையும் நிறுத்த ஒரே வழி ஏதாவது இருக்கிறதா?

ரூட்டு ராஜா:

ப்ரோ, இதுக்கெல்லாமா இவ்வளவு பெரிய கதை. முதல் பெட்டி அப்போர்ட் என்ற புரோகிராம் போடுவது. இடிசி டிஃபால்ட் ஃபோல்டரில் அப்போர்ட் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் எனேபிள்டு என்பதற்கு எதிரே ஒன்று இருப்பதைப் பூஜ்யம் ஆக்குங்கள். வார் கிராஷ் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் சூடோ ஆர்எம், ஸ்டார் போட்டு அழித்துவிடுங்கள். அறிவிப்பு எல்லாவற்றையும் செட்டிங்ஸில் ஆஃப். கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக விடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. நான் எந்த மெஷினில் உபுண்டு போட்டாலும் முதலில் இதைத்தான் செய்வேன்.

பழைய கெர்னல்:

தம்பி, மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து ஃபோனில் சொல்லிவிடாதீர்கள், அந்த ஸ்டார் போட்ட ஆர்எம். ராஜா தன் மெஷினில் தன் கையால் அடிப்பது வேறு விஷயம், அது சரியான கமாண்ட்தான். ஆனால் நீங்கள் மெட்ரோ இரைச்சலில் "வார், சிலாஷ், கிராஷ், அப்புறம் சிலாஷ் ஸ்டார்" என்று சொல்ல, "அப்புறம்" என்றதும் அக்கா ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டால் என்ன ஆகும்? கிராஷ் ஃபோல்டர் தனி, சிலாஷ் ஸ்டார் தனி என்று ஆகிவிடும். சிலாஷ் ஸ்டார் என்றால் டிஸ்க்கின் உச்சியில் இருக்கும் எல்லாமும். மைனஸ் ஆர் போடவில்லையே, ஃபோல்டரை அழிக்காதே என்று நினைப்பீர்கள். உண்மைதான், ஃபோல்டரை அழிக்காது. ஆனால் இப்போதைய உபுண்டுவில் உச்சியில் இருக்கும் பின், எஸ்பின், லிப், லிப்64 நான்கும் ஃபோல்டரே இல்லை, யுஎஸ்ஆருக்குள் இருக்கும் ஃபோல்டரைக் கைகாட்டும் வெறும் இணைப்புகள். இணைப்பை ஆர்எம் யோசிக்காமல் அழித்துவிடும். அது போன நொடியிலிருந்து ஃபைல் பட்டியலைக் காட்டும் எல்எஸ் கமாண்ட் கூட ஓடாது. அப்புறம் 13 நாள் எல்லாம் இல்லை, அன்றைக்கே கடை மூடல். இது என் மெஷினில் நடந்ததில்லை, ஆனால் ஃபோனில் இப்படிச் சொல்லிக்கொடுத்து ஒரு தடவை அனுபவப்பட்டேன். அன்றிலிருந்து அழிக்கிற கமாண்டை வாயால் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு. ஒரே வழி இல்லை, ஏனென்றால் ஐந்து பெட்டியும் ஐந்து இடத்திலிருந்து வருகின்றன. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே கிடையாது. ஒரே நாளில் வந்ததால் ஒரே வியாதி மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

முதல் பெட்டிக்கு கமாண்டே வேண்டாம். ஏதாவது புரோகிராம் செத்து விழும்போது அப்போர்ட் ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதி வார் கிராஷ் ஃபோல்டரில் வைக்கும். அந்த அறிக்கையை யாராவது திறந்து பார்க்கும்வரை, லாகின் ஆகும்போதெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். அக்கா கேன்சல் அமுக்குவதால்தான் திரும்ப வருகிறது. நாளைக்கு கேன்சல் அமுக்காமல் ரிப்போர்ட் என்பதை அமுக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்கும், போடட்டும். அடுத்து ஒரு ஜன்னல் வரும், அதில் விவரம் காட்டு என்று ஒரு பொத்தான். அங்கே எந்த புரோகிராம், எந்தத் தேதி என்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அனுப்பாதே என்று சொல்லி மூடிவிடலாம், பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். தேதி ஞாயிறு ராத்திரியாக இருந்தால் கவலையே இல்லை. அப்கிரேடு நடக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் காலுக்கடியிலிருந்து பழைய லைப்ரரிகளை உருவிப் புதிதை வைக்கிறார்கள், ஒன்றிரண்டு தடுக்கி விழத்தான் செய்யும். அதே புரோகிராம் செவ்வாய், புதன் என்று புதுத் தேதியில் விழுந்தால்தான் இங்கே வந்து எழுத வேண்டும். அப்போர்ட்டை நிரந்தரமாக நிறுத்திவிட்டால் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். முதல் மாதமாவது விட்டுவையுங்கள், அதற்கப்புறம் ராஜா சொன்ன பூஜ்யத்தைப் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிரிண்டர் பெட்டி சுத்தமாக உதவாத பெட்டி. அது பிரிண்டர் டிரைவரே இல்லை, டிரைவரோடு வந்த ஒரு அலங்காரம். மேல் பட்டியின் மூலையில் ஒரு ஐகானை வைப்பதற்காக லாகின் ஆனதும் எழுந்திருக்கிறது, ஐகான் வைக்கும் இடம் அந்த நேரத்தில் தயாராகவில்லை என்றால் புலம்புகிறது. ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸ் என்று தேடித் திறந்தால் பட்டியலில் சிஸ்டம் டிரே என்ற பெயரோடு ஒன்று இருக்கும், அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்ட் எப்போதும் போல வரும்.

பூட் பெட்டியும் கீரிங் பெட்டியும் பற்றி எழுதும் முன் இரண்டு கேள்வி. அப்கிரேடு முடியும்போது, தேவையில்லாத பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்று கேட்டதே, என்ன பதில் சொன்னீர்கள்? இரண்டாவது, கீரிங் பெட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்ததுண்டா? புதிதாக ஏதாவது செட்டிங் மாற்றினீர்களா? யோசித்துச் சொல்லுங்கள்.

டெபியன் தாத்தா:

22.04-க்கு 2027 வரை ஆதரவு உண்டு. கடை மெஷினை யாரய்யா ஞாயிறு ராத்திரி ஏற்றச் சொன்னது? ஸ்னாப் பேக்கேஜ், கினாப் பேக்கேஜ் தொல்லை இல்லாமல் டெபியன் லினக்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கிரீன்லைன் தம்பி:

பழைய கெர்னல் அண்ணா, நல்லவேளை. நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஸ்டார் கமாண்டைத்தான் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தேன், கடையில் கூட்டம் என்று அக்கா வைத்துவிட்டாள்.

இன்று காலை ரிப்போர்ட் அமுக்கி விவரம் பார்த்தாள். கப்ஸ் பிரவுஸ்டு என்று ஒரு பெயர், தேதி ஞாயிறு ராத்திரி பதினொன்றே முக்கால். அப்கிரேடு பாதியில் இருந்த நேரம்தான் அது. மூடிவிட்டாள். மதியம் ஒரு தடவை கரண்ட் போய் வந்து திரும்ப ஆன் செய்தபோது அந்தப் பெட்டி வரவில்லை. பிரிண்டர் பெட்டியும் டிக் எடுத்ததில் ஒழிந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பழையதை நீக்கவா என்று கேட்டபோது ராத்திரி ஒரு மணி, பெரிய பட்டியலாகக் காட்டியது, எதையாவது நீக்கி ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்று வேண்டாம், இருக்கட்டும் என்று அமுக்கினேன். அது மட்டுமில்லை, கடை இன்டர்நெட் மந்தமாகிறது என்று போன வருஷமே தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தேன், நேரம் கிடைக்கும்போது நானே கையால் அப்டேட் செய்வேன். பழையதை எடுக்கும் வேலையை எப்போதும் செய்ததில்லை.

கீரிங் விஷயம் அதைவிட மோசம். டிஸ்க்குக்கு ஒரு பாஸ்வேர்டு, லாகினுக்கு ஒரு பாஸ்வேர்டு, அக்கா காலையில் இரண்டு தடவை தட்டவேண்டியிருக்கிறதே, புது வெர்ஷனில் அவளுக்கு ஒரு சௌகரியம் செய்து கொடுப்போம் என்று ஞாயிறு ராத்திரி ஆட்டோ லாகினை ஆன் செய்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தாத்தா, வார நாளில் எனக்கு விடுமுறை இல்லை.

அல்சூர் அம்மணி:

தம்பி, நான் அல்சூரில் டிடிபி செய்கிறேன், எனக்கும் இரண்டு மானிட்டர்தான், ஒன்று என் பக்கம், ஒன்று கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க வருகிறவர்கள் பக்கம். மேலே எல்லாரும் பெட்டி ஏன் வருகிறது என்று பேசுகிறார்கள், பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போன பெரியவரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அது ஒரு நிமிஷ வேலை.

உபுண்டுவில் அறிவிப்பு எல்லாம் முதன்மைத் திரையில்தான் வரும். அப்கிரேடு ஆனதில் எது முதன்மை என்பது மாறிப்போயிருக்கும், எனக்கும் அப்படி ஒரு தடவை ஆயிற்று. செட்டிங்ஸில் டிஸ்பிளேஸ் போய், பிரைமரி டிஸ்பிளே என்ற இடத்தில் அக்கா பக்கத்து மானிட்டரைத் தேர்ந்தெடுத்து அப்ளை. ஒன்று, இரண்டு என்று எண் திரையின் மூலையில் தெரியும், அதை வைத்து எது எது என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம். இதைச் செய்துவிட்டால் அறிவிப்பு வந்தாலும் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். கூடவே, மேலே நடுவில் மணியும் தேதியும் இருக்கிறதே, அதை அமுக்கினால் விரிவதில் கீழே டூ நாட் டிஸ்டர்ப் என்று ஒரு சுவிட்ச் உண்டு. கூட்ட நேரத்தில் அதைப் போட்டுவிட்டால் அறிவிப்புகள் குதிக்காமல் அந்தப் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும், அப்போர்ட் பெட்டியும் கீரிங் பெட்டியும் அறிவிப்பு வகை இல்லை, அவை இந்த சுவிட்சுக்குக் கட்டுப்படாது.

அந்தப் பதிமூன்று நாள் சமாசாரம். அக்காவிடம் முதலில் சொல்லுங்கள், ஒன்றும் நின்றுபோகாது. உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வகைப் பேக்கேஜாக வருகிறது. ஸ்னாப் ஒரு நாளைக்கு நான்கு தடவை புதுசு இருக்கிறதா என்று பார்க்கும். ஆனால் நாம் பிரவுசரில் பாதி ஃபாரம் நிரப்பியிருக்கும்போது அதைப் பிடுங்கிவிட்டுப் புதிதை வைக்காது, மூடினால் வைக்கிறேன் என்று காத்திருக்கும். 14 நாள் பொறுமை. அதற்குமேல் காத்திருக்காமல் தானே மாற்றிவிடும், அதுதான் நமக்கு ஆபத்து, ஏனென்றால் அது எந்த நேரத்தில் நடக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் என்ன நடக்கிறது என்றால், காலையில் திறந்த பிரவுசரை ராத்திரி வரை மூடுவதே இல்லை, ராத்திரி நேராக ஷட்டௌன். அது மாற்றுவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

நான் செய்வது இதுதான். கடை மூடும்போது முதலில் பிரவுசரின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிடுவேன், அப்புறம் டெர்மினலில், அதாவது கமாண்ட் தட்டும் ஜன்னலில், "சூடோ, ஸ்பேஸ், ஸ்னாப், ஸ்பேஸ், ரெஃப்ரெஷ்" என்று மூன்று சொல். ஸ்னாப் எஸ்என்ஏபி, ரெஃப்ரெஷ் ஆர்இஎஃப்ஆர்இஎஸ்எச். அது ஓடும் நேரத்தில் கல்லாவை எண்ணி முடித்துவிடுவேன். இதில் ஸ்பேஸ் தப்பினாலும் இப்படி ஒரு கமாண்ட் இல்லை என்று திட்டுமே தவிர வேறு எதுவும் ஆகாது, ஃபோனில் தாராளமாகச் சொல்லலாம். பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மாதிரி சமயங்களில் எதுவும் மாறவே கூடாது என்றால் "சூடோ ஸ்னாப் ரெஃப்ரெஷ், ஸ்பேஸ், மைனஸ் மைனஸ் ஹோல்டு, சமம், 72 எச், ஸ்பேஸ், ஃபயர்பாக்ஸ்" என்று அடித்தால் மூன்று நாளைக்கு அந்தப் பக்கமே வராது. "சமம்" முன்னும் பின்னும் ஸ்பேஸ் கூடாது. காலம் குறிப்பிடாமல் ஹோல்டு என்று மட்டும் போட்டால் நிரந்தரமாக நின்றுவிடும், பேங்க் வேலை செய்கிற பிரவுசரில் அதைச் செய்யாதீர்கள்.

தாத்தாவுக்கு ஸ்னாப் பிடிக்காதது எனக்கும் தெரியும், எனக்கும் ரொம்பப் பிடித்துவிடவில்லை. ஆனால் வேலை நடக்கிற கடையில் ஓஎஸ் மாற்றச் சொல்வது, குழாய் ஒழுகுகிறது என்று கேட்டவரிடம் வேறு வீடு பாருங்கள் என்பது மாதிரி இருக்கிறது.

பழைய கெர்னல்:

அம்மணி சொன்ன முதன்மைத் திரை எனக்குத் தோன்றவே இல்லை, ஒரே மானிட்டரில் காலம் தள்ளுகிறவன் நான்.

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு பதிலிலும் காரணம் கிடைத்துவிட்டது. பூட் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஐந்தில் இது ஒன்றுதான் நிஜமான எச்சரிக்கை. அறிவிப்பை ஆஃப் செய்திருந்தால் இதுதான் உங்களைக் கவிழ்த்திருக்கும்.

டிஸ்க்கைப் பூட்டிப் போட்டால், கம்ப்யூட்டர் எழுந்து உங்களிடம் பாஸ்வேர்டு கேட்பதற்கே ஒரு கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் புரோகிராம், வேண்டும், அது பூட்டிய பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்காக பூட் என்று ஒரு தனிப் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் ஒரு தனிப் பகுதியை, நிறுவும்போதே ஒதுக்கிவிடுவார்கள். 18.04 காலத்தில் அது சுமார் 700 எம்பி. டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருந்தாலும் இந்தத் தொட்டி தனி. ஒவ்வொரு கெர்னலும் தன் துணை ஃபைல்களோடு நூறு, நூற்றைம்பது எம்பி எடுக்கும். நீங்கள் நான்கைந்து கெர்னலைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், ஏனென்றால் தானியங்கி அப்டேட் ஓடியிருந்தால் பழையதை அதுவே எடுத்துவிட்டிருக்கும், அதை நிறுத்திவிட்டீர்கள். கடைசி வாய்ப்பாக அப்கிரேடு கேட்டபோதும் வேண்டாம் என்றீர்கள்.

பெட்டி வருவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உபுண்டுவின் திரையை நடத்தும் க்னோம் டெஸ்க்டாப் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் கண்காணிக்கும், காலி இடம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் சொல்லும். ஒரு ஜிபிக்கு மேல் காலி இருந்தால் சதவீதம் குறைந்தாலும் சும்மா இருந்துவிடும், ஆனால் உங்கள் பூட் மொத்தமே ஒரு ஜிபி இல்லை, அந்தச் சலுகை அதற்குக் கிடைக்காது. 700-இல் ஐந்து சதவீதம் 35, உங்களிடம் இருப்பது 31. சரியான நேரத்தில்தான் சொல்லியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பார்ட்டிஷனைக் கண்டுகொள்ளாதே என்று இதற்கு ஒரு செட்டிங் உண்டு, இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் கிடைக்கும், பூட் பார்ட்டிஷனுக்கு அதைச் செய்யாதீர்கள். அடுத்த கெர்னல் அப்டேட் வரும்போது பாதி எழுதிவிட்டு இடமில்லை என்று நிற்கும், பேக்கேஜ் எல்லாம் அரைகுறையாகத் தொங்கும், அதற்கப்புறம் சின்ன அப்டேட் கூடப் போகாது.

செய்ய வேண்டியது ஒரே கமாண்ட், இதை ஃபோனில் சொல்லலாம். "சூடோ, ஸ்பேஸ், ஏபிடி, ஸ்பேஸ், ஆட்டோரிமூவ், ஸ்பேஸ், மைனஸ் மைனஸ் பர்ஜ்". ஆட்டோரிமூவ் ஒரே சொல், நடுவில் இடைவெளி இல்லை. பர்ஜ் என்பது பியூஆர்ஜிஇ. இது அழிப்பதற்கு முன் பட்டியலைக் காட்டிவிட்டு செய்யவா (ஒய்), வேண்டாமா (என்) என்று கேட்டு நிற்கும். அக்கா அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டும், நீங்கள் பார்த்தபின் ஒய் அமுக்கட்டும். லினக்ஸ் இமேஜ் 5.15 என்று தொடங்குபவை போகலாம், அவை 22.04 காலத்தவை. 24.04-க்கு வந்தது 6.8. இப்போது ஓடிக்கொண்டிருப்பதை அது தொடாது, மாற்றுக்கு இன்னொன்றையும் வைத்துக்கொள்ளும். பூட் ஃபோல்டரைத் திறந்து கையால் எதையும் அழிக்க வேண்டாம், அழித்தால் ஃபைல் போய்விடும், ஆனால் பேக்கேஜ் கணக்கில் அது இன்னும் இருப்பதாகவே இருக்கும், அடுத்த அப்டேட்டில் அதையே மறுபடி உருவாக்கப் பார்க்கும்.

கீரிங். சாதாரணமாக நீங்கள் லாகின் பாஸ்வேர்டு தட்டும்போது அதே பாஸ்வேர்டை வைத்து கீரிங்கும் திறந்துகொள்கிறது, உங்களுக்குத் தெரிவதே இல்லை. ஆட்டோ லாகினில் யாரும் பாஸ்வேர்டு தட்டவில்லை, அப்புறம் கீரிங் எதை வைத்துத் திறக்கும்? அதனால் பிரவுசர் முதலில் எதையாவது கேட்கும்போது பெட்டி வருகிறது. அக்காவுக்கு ஒரு பாஸ்வேர்டு மிச்சப்படுத்தப்போய் அதையே வேறு இடத்தில் வைத்துவிட்டீர்கள். செட்டிங்ஸில் ஆட்டோ லாகினை ஆஃப் செய்யுங்கள், தீர்ந்தது. கடையில் ஊராருடைய விவரம் எல்லாம் ஓடுகிற மெஷின், கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக விடுவது எனக்குச் சம்மதமில்லை.

ரூட்டு ராஜா:

ஸ்டார் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், ஃபோனில் சொல்லித் தட்டுவார்கள் என்பதைச் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் கீரிங்கில் ஒப்பமாட்டேன். டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. மெஷின் ஆஃப் ஆகியிருக்கும்போது திருடிக்கொண்டு போனாலும் கீரிங் ஃபைலைப் படிக்க முடியாது. மெஷின் ஆன் ஆகி கீரிங் திறந்துவிட்டால், அந்த நாற்காலியில் உட்காருகிற யாரும் பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ் என்ற புரோகிராமைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், கீரிங் பாஸ்வேர்டு காலியாக இருந்தாலும் சரி, இருபது எழுத்து இருந்தாலும் சரி. அப்படியானால் காலியாக விடுவதில் என்ன நஷ்டம்?

பழைய கெர்னல்:

டிஸ்க் பூட்டியிருப்பதால் நஷ்டம் குறைவு, அது வரைக்கும் சரி. ஆனால் ஃபைல் டிஸ்க்கோடு மட்டும் இருக்கும் என்று யார் சொன்னது? தம்பி ஹோம் ஃபோல்டரை பேக்கப் எடுத்து ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் கீரிங்கும் அதோடு போகும், மறைந்திருக்கும் டாட் லோக்கல் ஃபோல்டருக்குள்தான் அது இருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாத கீரிங் அங்கே திறந்த புத்தகம். தம்பி, பேக்கப் எடுக்கிற வழக்கம் உண்டா?

கிரீன்லைன் தம்பி:

உண்டு. மாதம் ஒரு தடவை, பூட்டு எதுவும் இல்லாத ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில். அதைப் படித்ததுமே ஆட்டோ லாகினை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வரை காத்திருக்கவே இல்லை, நேற்று ராத்திரி கடை மூடும் நேரத்தில் ஃபோனிலேயே முடித்துவிட்டோம். ஆட்டோரிமூவ் பட்டியலை அக்கா ஃபோட்டோ அனுப்பினாள், 5.15-இல் மூன்று போயின, ஒன்றை அதுவே வைத்துக்கொண்டது. பூட் பார்ட்டிஷனில் இப்போது 421 எம்பி காலி. பர்ஜ் என்பதை அவள் முதலில் பிரிட்ஜ் என்று தட்டினாள், தெரியாத ஆப்ஷன் என்று திட்டியது, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஸ்டார் கமாண்ட் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன்.

முதன்மைத் திரை மாற்றியதுதான் அக்காவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அம்மணி அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அந்த மூன்று சொல் கமாண்டைத் தமிழில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள், "கல்லா எண்ணும் முன்" என்று மேலே தலைப்பு வேறு. தானியங்கி அப்டேட்டைத் திரும்ப ஆன் செய்ய வேண்டும், அதை மட்டும் நான் நேரில் போய்ச் செய்கிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு அக்கா ஃபோன். எடுத்ததும் என்ன பெட்டி என்றேன். பெட்டி எதுவும் இல்லையாம், போகும் வழியில் ஏ4 பேப்பர் இரண்டு ரிம் வாங்கி வை என்று சொல்லத்தான் கூப்பிட்டாளாம்.